தீபாவளி விருந்துக்குச் சீஸ், பழத் தட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில் தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புகளில் (யாரும் வந்து சாப்பிட்டுப் போகலாம் என்று வீட்டில் வைக்கிற விருந்தில்) முறுக்கு டின்களுக்குப் பக்கத்திலேயே சீஸும் பழமும் அடுக்கிய ஒரு பெரிய தட்டையும் இப்போது பார்க்க முடிகிறது. செய்ய நினைத்து இணையத்தில் தேடினால் கிடைப்பதெல்லாம் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியது. ஒரு மணி நேரம் முன்னாலேயே சீஸை வெளியே எடுத்து வை என்பார்கள், கோலாலம்பூர் மத்தியானத்தில் அப்படி வைத்தால் பிரீ சீஸ் தட்டை விட்டு இறங்கி ஓடிவிடும். நம்ம வெயில், நம்ம வீட்டுக்கு வருகிற ஆட்கள், இங்கே பசாரில் கிடைக்கிற பழம் இவற்றை மனதில் வைத்துத்தான் கீழே பதில் சொல்லியிருக்கிறேன்.

எத்தனை வகை சீஸ் வாங்க வேண்டும்?

மூன்று போதும். கெட்டியாக ஒன்று, மெத்தென்று ஒன்று, மூன்றாவது உங்கள் விருப்பம். கெட்டிக்குச் செடார் அல்லது கௌடா, மெத்துக்குப் பிரீ அல்லது கமாம்பேர். மூன்றாவதாக ஃபெட்டாவோ, கல்லில் போட்டு வாட்டிய ஹலூமியோ, கீழே சொல்லப்போகிற கிரீம் சீஸ் உருண்டையோ வைக்கலாம். ஏழெட்டு வகை வாங்கி அடுக்கினால் படம் எடுக்க நன்றாக இருக்கும், ஆனால் சாயங்காலம் ஒவ்வொன்றிலும் கால்வாசி மிஞ்சி நிற்கும்.

புளூ சீஸ் பற்றியும் கேட்கிறார்கள். எனக்குப் பிடிக்கும், ஆனால் திறந்த இல்ல உபசரிப்புக்கு அது ஒத்துவராது. பெரியவர்கள் யாராவது மோந்து பார்த்துவிட்டு "இது கெட்டுப்போச்சும்மா" என்று குப்பையில் போட்டுவிடுவார்கள். வைத்தே ஆக வேண்டும் என்றால் தனிச் சின்னத் தட்டில், பக்கத்தில் பேரீச்சம்பழமும் கொஞ்சம் தேனும் வைத்து, தள்ளி வையுங்கள். அதன் வாசம் மற்ற சீஸிலும் ஏறிவிடும்.

20 பேருக்கு எவ்வளவு?

சோறு, மட்டன் பிரட்டல், பலகாரம் எல்லாம் இருக்கிற வீடு என்றால் ஓர் ஆளுக்கு 30 முதல் 40 கிராம் சீஸ் தாராளம், ஆக 600 முதல் 800 கிராம். வெறும் தேநீர் விருந்து, வேறு சாப்பாடு இல்லை என்றால் இரட்டிப்பாக்குங்கள். பழம் தோலும் கொட்டையும் போக ஆளுக்கு 100 கிராம் கணக்குப் பண்ணலாம். அன்னாசி, பலா மாதிரி பழங்களில் பாதியோ அதற்கு மேலேயோ கழிவாகப் போய்விடும், அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டு வாங்குங்கள். காசு குறைவாக இருந்தால் ஒரே ஒரு சீஸை நல்லதாக வாங்கிவிட்டு, மற்றது பேரங்காடியில் கிடைக்கிற சாதாரணச் செடார் கட்டியாக இருக்கட்டும். அதைப் பழத்தோடு சாப்பிடும்போது யாரும் விலை கேட்கப் போவதில்லை.

அக்கா, சீஸ் சைவம்தானே? பால்தானே அது?

எல்லாம் சைவம் இல்லை. பாலைத் திரிய வைக்க ரெனெட் என்று ஒரு நொதியைச் சேர்ப்பார்கள். பழைய முறையில் அது கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கப்படுவது. தீபாவளிக்கு மட்டன் வெளுத்துக் கட்டுகிற வீட்டிலும் மாட்டிறைச்சி தொடாதவர்கள் இருப்பார்கள், அவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

இன்றைக்குக் கடையில் இருக்கிற சீஸில் நிறைய நுண்ணுயிரிலிருந்து எடுத்த ரெனெட்டிலோ, நொதிக்க வைத்துத் தயாரித்த கைமோசினிலோ (ரெனெட்டில் இருக்கிற முக்கிய நொதி) செய்யப்படுகிறது. இந்தக் கைமோசினுக்கு அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டு அனுமதி கிடைத்தது, அதற்கப்புறம் மற்ற நாடுகளிலும் பரவியது. அதனால் உறையைத் திருப்பிப் படியுங்கள். 'மைக்ரோபியல் ரெனெட்', 'நான் அனிமல் ரெனெட்', 'சூட்டபிள் ஃபார் வெஜிடேரியன்ஸ்' இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் சரி. வெறுமனே 'ரெனெட்' என்று மட்டும் போட்டிருந்தால் சந்தேகத்துக்கு இடம் இருக்கிறது, வேறு எடுங்கள்.

இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோவும் கிரானா படானோவும் கன்றின் ரெனெட்டில்தான் செய்யப்பட வேண்டும் என்பது அந்தப் பெயர்களுக்கே உள்ள விதி. கிரானா படானோவில் முட்டை வெள்ளையிலிருந்து எடுக்கிற லைசோசைமும் சேர்வதுண்டு, முட்டை தொடாதவர்களுக்கு அது இன்னொரு தடை. சுத்த சைவப் பெரியவர்கள் வருகிறார்கள் என்றால் பேசாமல் பனீர் வைத்துவிடுங்கள். எலுமிச்சைச் சாறு விட்டுத் திரித்தது, ரெனெட்டே கிடையாது. பனீரைச் சின்னச் சதுரங்களாக்கி, மிளகும் உப்பும் போட்டு நெய்யில் லேசாகச் சிவக்க விட்டு வைத்தால் அந்தத் தட்டில் முதலில் காலியாவது அதுவாகத்தான் இருக்கும்.

மலாய் நண்பர்களும் வருகிறார்கள். எதைக் கவனிக்க வேண்டும்?

ஜாக்கிம் (மலேசிய அரசின் இஸ்லாமிய மேம்பாட்டுத் துறை) தருகிற ஹலால் முத்திரை, அல்லது ஜாக்கிம் ஏற்றுக்கொண்ட வெளிநாட்டு அமைப்பின் முத்திரை இருக்கிற சீஸை வாங்குங்கள். ஒயினில் ஊற வைத்தது, பீரில் தோல் கழுவியது என்று சில சீஸ் உண்டு, அவற்றை இந்தத் தட்டுக்கு எடுக்க வேண்டாம். ஹலால் முத்திரை இருந்தால் சைவம் என்று அர்த்தமில்லை, சைவம் என்று போட்டிருந்தால் ஹலால் என்றும் அர்த்தமில்லை. இரண்டு வகை விருந்தாளிகளும் வருகிற வீட்டில் இரண்டையும் பார்த்து வாங்குவதுதான் முறை. உறையை உடனே தூக்கிப் போடாமல் தட்டுக்குப் பின்னால் வைத்திருங்கள், கேட்கிறவர்களுக்குக் காட்டலாம். விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

வெளிநாட்டுப் படங்களில் சலாமி, ஹேம் எல்லாம் ரோஜா மாதிரி மடித்து வைத்திருப்பார்கள். நம்ம வீட்டில் அந்த வேலையே வேண்டாம். பன்றியும் ஆகாது, மாடும் ஆகாது, கோழி சலாமி என்று தேடிப் பிடித்து வைத்தால் சைவக்காரர்கள் தட்டைத் தொட மாட்டார்கள். வெட்டுப்பலகையும் கத்தியும் இதற்கென்று தனியாக இருக்கட்டும்.

வெயிலில் சீஸ் உருகாமல் எப்படி வைப்பது?

பாதிப் பிரச்சினை இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

சீஸ் சில்லென்று இருந்தால் மணம் வராது என்பது உண்மை. ஆனால் இங்கே மத்தியான வெயில் 32, 33 டிகிரி. ஏர்கான் போட்ட கூடத்தில் 20 நிமிடம், மின்விசிறி மட்டும் ஓடுகிற முன்வாசலில் பத்து நிமிடம் வெளியே இருந்தாலே போதுமான பதம் வந்துவிடும். அதற்கு மேல் போனால் பால் கொழுப்பு இளகிச் செடாரின் மேல் எண்ணெய் மினுமினுக்கும், பிரீ பாயசமாகும்.

பாதுகாப்புக் கணக்கு வேறு. ஐஸ்பெட்டியில் வைக்க வேண்டிய உணவு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, 32 டிகிரிக்கு மேல் போனால் ஒரு மணி நேரம்தான். நம்ம உபசரிப்போ காலைப் பசியாறல் முடிந்து பத்து மணிக்குத் தொடங்கி ராத்திரி வரைக்கும் கூட்டம் கூட்டமாக வந்துகொண்டே இருக்கும். ஒரே தட்டைக் காலையில் அடுக்கிவிட்டு ராத்திரி வரை காட்சிக்கு வைக்க முடியாது. அதனால் பெரிய தட்டு ஆசையை விட்டுவிட்டு, நடுத்தரத் தட்டு இரண்டு அல்லது மூன்று தயார் பண்ணி மூடி ஐஸ்பெட்டியில் வையுங்கள். ஒரு கூட்டம் வந்து உட்கார்ந்ததும் ஒன்றை வெளியே எடுங்கள். அவர்கள் கிளம்பியதும் மிச்சத்தை உள்ளே கொண்டுபோய், அடுத்த கூட்டத்துக்குப் புதுத் தட்டு.

அடியில் குளிர்ச்சி கொடுக்க எளிய வழி இரண்டு எவர்சில்வர் தாம்பாளம். பெரியதில் ஐஸ்கட்டி பரப்பி, மேலே ஒரு துணி விரித்து, அதன்மேல் சின்னத் தாம்பாளம். துணி இல்லாவிட்டால் தாம்பாளம் வழுக்கும், ஐஸ் உருகும்போது சாய்ந்தும் போகும். எவர்சில்வர் சீக்கிரம் குளிரும், அதே வேகத்தில் சூடும் ஆகும், அதனால் ஐஸ் இல்லாமல் அதை மட்டும் நம்பாதீர்கள். கருங்கல் அல்லது மார்பிள் பலகை இருந்தால் ராத்திரி முழுக்க ஐஸ்பெட்டியில் கிடக்கட்டும், குளிர் நன்றாகத் தாங்கும். மெத்தென்ற சீஸ் கல்லின்மேல், கெட்டி சீஸ் எங்கே வேண்டுமானாலும்.

கூடாரம் போட்டு வெளியே உபசரிக்கிறவர்கள் மெத்து சீஸை மறந்துவிட்டு செடார், கௌடா, வாட்டிய ஹலூமி என்று போங்கள். ஹலூமி சூட்டுக்கு உருகாது, செய்யும்போதே திரிந்த பால்கட்டியை அதிலிருந்து வடிந்த நீரிலேயே சுட வைத்து எடுப்பார்கள்.

எந்தப் பழம்?

திராட்சை, ஸ்ட்ராபெரி, அத்தி என்று படத்தில் இருப்பதையே தேடிக் காசைக் கொட்ட வேண்டாம். இங்கே விளைகிறதே சீஸுக்கு நன்றாகப் பொருந்தும்.

என் முதல் ஓட்டு கொய்யாவுக்கு. காய்ப்பதத்தில் கறுக்கென்று இருக்கிற விதையில்லாக் கொய்யாவை நீளமாக நறுக்கி, அசாம் போய் தூள் (உப்பிட்டு உலர்த்திய புளிப்பு பிளம் பழத்தூள்) லேசாகத் தூவி, ஒரு துண்டு செடாரோடு வாயில் போட்டுப் பாருங்கள். உப்பு, புளிப்பு, இனிப்பு எல்லாம் சேர்ந்து வரும், ஆப்பிள் கிட்டே வராது. சிக்கு, அதாவது சப்போட்டா, நன்றாகப் பழுத்தது, பழைய கௌடாவின் கருகிய சர்க்கரை மணத்தோடு சேரும். பலாச்சுளையைக் கீறி உள்ளே கிரீம் சீஸ் அடைத்து வைக்கலாம், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். பம்பளிமாஸ் கிடைத்தால் ஈப்போ தம்புனிலிருந்து வருவதைக் கேட்டு வாங்கி, சுளைகளை உரித்து ஃபெட்டாவோடு வையுங்கள். மாம்பழம் பிரீக்கு அருமை, ஆனால் பெர்லிஸின் ஹருமானிஸ் பருவம் ஏப்ரல், மே, ஜூன் வாக்கில், தீபாவளிக்கு அதை எதிர்பார்க்காதீர்கள், வேறு மாம்பழம்தான்.

பினாங்குக்காரர்களுக்கு ஒரு கூடுதல் வசதி. ஜாதிக்காய்ப் பழத்தின் சதையைச் சர்க்கரையில் ஊறவைத்தது சௌராஸ்தா மார்க்கெட் பக்கம் கிடைக்கும். பொடியாக நறுக்கிப் பிரீ மேல் தூவுங்கள். கோலாலம்பூர் உறவினர்கள் என்ன இது என்று கேட்பார்கள்.

வேண்டாதவையும் உண்டு. சிவப்பு டிராகன் பழம் தொட்டதையெல்லாம் சாயமாக்கும். தர்பூசணி தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கும், தனிக் கிண்ணத்தில் ஃபெட்டா, புதினாவோடு வைத்தால்தான் சரி. நட்சத்திரப் பழம், அந்த பிளிம்பிங், குறுக்கே வெட்டினால் கொள்ளை அழகு. ஆனால் சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள், டயாலிசிஸ் செய்கிறவர்கள் அதைச் சாப்பிடவே கூடாது. அதிலிருக்கும் நச்சை அவர்கள் உடம்பால் வெளியேற்ற முடியாமல் விக்கல், மனக்குழப்பம், வலிப்பு வரைக்கும் போகலாம், உயிருக்கே ஆபத்து. நம்ம சொந்தத்தில் இனிப்பு நீரும் (நீரிழிவு) சிறுநீரகப் பிரச்சினையும் இருக்கிறவர்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். நான் பொதுத் தட்டில் அதை வைப்பதில்லை.

டுரியான்? வேண்டாம். சீஸ் இருக்கிற ஐஸ்பெட்டியில்கூட வேண்டாம்.

அன்னாசி பட்ட சீஸ் ஏன் கசக்கிறது?

அன்னாசியில் புரோமெலின், பப்பாளியில் பப்பெய்ன், கிவியில் ஆக்டினிடின் என்று புரதத்தை உடைக்கிற நொதிகள் இருக்கின்றன. மட்டன் சீக்கிரம் வேக பப்பாளிக்காய் சேர்ப்பது இதற்காகத்தான். பால் புரதத்திலும் அதே வேலையைச் செய்யும், உடையும்போது கசப்பு வரும். கையில் எடுத்து உடனே சாப்பிட்டால் ஒன்றும் தெரியாது, தட்டில் ஒட்டிக்கொண்டு அரை மணி நேரம் கிடந்தால்தான் வம்பு. நடுவில் ஒரு வாழையிலைத் துண்டோ சின்னக் கிண்ணமோ வைத்துப் பிரித்துவிடுங்கள். அன்னாசியைக் கல்லில் போட்டு நன்றாகச் சூடேற வாட்டினால் நொதி செயலிழந்துவிடும். வாட்டிய அன்னாசியும் ஹலூமியும் குச்சியில் சேர்த்துக் குத்தினால் பிரமாதம்.

பிஸ்கட் எது வாங்கலாம்?

வீட்டில் தட்டை சுட்டு வைத்திருக்கும்போது எதற்குப் பிஸ்கட்? பூண்டும் மிளகாயும் போட்ட தட்டை கிரீம் சீஸுக்கும் பிரீக்கும் நன்றாக நிற்கும். தேன்குழல் மாதிரி காரமில்லாத முறுக்கு கௌடாவோடு போகும். ஓமம் தூக்கலான முறுக்கு சீஸின் மணத்தை அமுக்கிவிடும், அது தன் டின்னிலேயே இருக்கட்டும். அச்சு முறுக்கின் பள்ளத்தில் கொஞ்சம் கிரீம் சீஸும் ஒரு துண்டு மாம்பழமும் வைத்தால் தனிப் பலகாரமே ஆகிவிடும்.

தீபாவளி சமயம் சாயங்காலம் மழை அடிக்கும், காற்றில் ஈரம் இருக்கும். அதனால் மொறுமொறு வகையைக் கடைசி நிமிடத்தில் வையுங்கள், ஈரப் பழத்தைத் தொடாமல் வையுங்கள். பத்து நிமிடத்தில் நமத்துப்போகும்.

அந்தக் கிரீம் சீஸ் உருண்டை எப்படி?

கிரீம் சீஸ் 250 கிராம், துருவிய செடார் 150 கிராம், பொடியாக நறுக்கிய பச்சை மிளகாய் ஒன்று, கொத்தமல்லி ஒரு பிடி, வறுத்து நொறுக்கிய முந்திரி ஒரு பிடி, கொஞ்சம் மிளகுத்தூள். பிசைந்து ஒரே பெரிய உருண்டையாக்கி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி இரவு முழுக்க ஐஸ்பெட்டியில் விடுங்கள். பரிமாறும்போது நொறுக்கிய முறுக்கில் புரட்டி எடுக்க வேண்டும். முன்கூட்டியே புரட்டினால் முறுக்கு ஊறிப்போகும். உப்பு சேர்க்காதீர்கள், செடாரிலும் முறுக்கிலும் இருப்பதே போதும்.

எப்படி அடுக்குவது? கோலம் மாதிரி அடுக்கலாமா?

அடுக்கலாம், முதல் விருந்தாளி ஒரு துண்டு எடுக்கும் வரை அழகாக இருக்கும். கோலம், மயில் எல்லாம் எடுக்க எடுக்கச் சிதைந்து பார்க்கப் பாவமாகிவிடும். குவியல் குவியலாகப் போடுவதுதான் கடைசி வரை தாங்கும். முதலில் சீஸ், அடுத்து தேன், ஊறுகாய் இருக்கிற சின்னக் கிண்ணங்கள், அப்புறம் பெரிய பழங்கள், கடைசியில் இடைவெளிகளில் முந்திரியும் திராட்சையும்.

பித்தளைத் தாம்பாளம் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் நறுக்கிய பழத்தின் புளிப்பு பித்தளையோடு சேரும். கழுவித் துடைத்த வாழையிலையை முழுதாக விரித்து, அதன்மேல் வையுங்கள். சீஸைச் சில்லென்று இருக்கும்போதே வெட்டுங்கள். பிரீயை நடுவிலிருந்து ஓரத்துக்கு, கேக் வெட்டுகிற மாதிரி வெட்டினால் எல்லாருக்கும் நடுப்பகுதியும் தோலும் சமமாகக் கிடைக்கும். வெள்ளைத் தோலைச் சாப்பிடலாம். மெழுகுத் தோலை, கௌடாவில் சிவப்பாகவோ மஞ்சளாகவோ இருக்குமே, அதை உரித்துவிட வேண்டும். பிரீ மேல் ஊற்ற கெலுலுட் தேன் (கொட்டாத சின்னத் தேனீயின் தேன்) கிடைத்தால் விடாதீர்கள், அந்தப் புளிப்பு மற்றத் தேனில் வராது. இல்லையென்றால் குலா மலாக்கா (பனைவகைச் சர்க்கரை) பாகு.

முதல் நாளே நறுக்கி வைக்கலாமா?

கெட்டி சீஸை வெட்டி, மூடிய டப்பாவில் வைக்கலாம். பலா, பம்பளிமாஸும் தாங்கும். ஆப்பிள், பேரிக்காய், சிக்கு, மாம்பழம் அன்றைக்கே. ஆப்பிள் கறுக்காமல் இருக்க, ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பு போட்டு ஐந்து நிமிடம் முக்கி எடுத்து அலசுங்கள், அல்லது லீமாவ் கஸ்தூரி (சின்ன எலுமிச்சை வகை) பிழிந்து புரட்டுங்கள்.

கர்ப்பிணிகள், பிள்ளைகள், பால் ஒத்துக்கொள்ளாதவர்கள்?

கர்ப்பிணிகள் பிரீ, கமாம்பேர், புளூ சீஸ் வகைகளைச் சமைக்காமல் சாப்பிடக் கூடாது, லிஸ்டீரியா என்ற கிருமி பயம். பாஸ்சுரைஸ் செய்த (சூடாக்கிக் கிருமி நீக்கிய) பாலில் செய்த செடார், கௌடா சாப்பிடலாம். சின்னப் பிள்ளைகளுக்குத் திராட்சையை நீளவாக்கில் நாலாக வெட்டுங்கள், முழுத் திராட்சை தொண்டையில் சிக்கும். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. பால் குடித்தால் வயிறு கலங்குகிறவர்களுக்கு நாள்பட்ட செடார் பெரும்பாலும் தொந்தரவு தராது, முதிர முதிர லாக்டோஸ் ஏறக்குறைய இல்லாமலே போய்விடும். பால் ஒவ்வாமை இருப்பவர்கள் கதை வேறு, அவர்கள் எந்தச் சீஸும் தொடக் கூடாது. முந்திரி சேர்த்த உருண்டைக்கு முன்னால் ஒரு சின்ன அட்டையில் எழுதி வையுங்கள்.

மிஞ்சினதை என்ன செய்வது?

நேரம் கடந்து வெளியே கிடந்த மெத்து சீஸையும் நறுக்கிய பழத்தையும் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். ஐஸ்பெட்டியை விட்டு வெளியே வராத தட்டுதான் உண்மையான மிச்சம். கெட்டி சீஸைப் பட்டர் பேப்பரில் சுற்றி டப்பாவில் போட்டு, காய்கறி அறையில் வைத்தால் மேலும் சில நாள் இருக்கும். துருவி உறையவும் வைக்கலாம், அப்புறம் தனியாகச் சாப்பிட நன்றாக இருக்காது, உதிரும், சமையலுக்கு மட்டும். மறுநாள் காலையில் தோசைக்கல்லில் தோசை ஊற்றி, துருவிய செடாரைப் போட்டு, மேலே வெங்காயமும் பச்சை மிளகாயும் தூவி மடித்தால், மாமாக் கடைக்கு (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) ரொட்டி சீஸ் சாப்பிடப் போக வேண்டியதில்லை. மிஞ்சிய மட்டன் பிரட்டல் இருந்தால் அதையும் உள்ளே வைக்கலாம்.